கைக்காசு போடாமல் ஆடி, திறமைக்குக் கிரிப்டோ பெறுவது எப்படி?

காசு கட்டாமல் கேம் ஆடலாம், நன்றாக ஆடினால் கிரிப்டோ (பிட்காயின் போன்ற இணையப் பணம்) கிடைக்கும் என்று கேள்விப்பட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட கேம்கள் நிஜமாகவே இருக்கின்றன. அதே வாசகத்தைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணமே இல்லாமல், கணக்கைத் தப்பாகப் போட்டு ஆடியவர்களையும் சேர்த்துக் கவிழ்த்த கேம்களும் உண்டு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவுவது ஒரே கேள்விதான்: எனக்குக் கிடைக்கும் காசு யாருடைய பையிலிருந்து வருகிறது? கேமைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து, ஜெயித்ததை வெளியே எடுத்துப் பார்ப்பதுவரை, இந்தக் கேள்வியை விடாமல் வைத்துக்கொண்டு போகலாம்.

காசு வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

இலவச கேம் பரிசு கொடுக்கிறது என்றால் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில்தான் பணம் வரும்.

முதல் வழி விளம்பரம். பிட்காயினைச் சட்டென்று அனுப்ப அதன் மேல் கட்டிய லைட்னிங் நெட்வொர்க்கில் மிகச் சிறிய தொகையைக்கூட அற்பக் கட்டணத்தில் அனுப்ப முடியும். அதனால் சில மொபைல் கேம்கள் விளம்பர வருமானத்தில் கொஞ்சத்தை ஆடுபவர்களுக்குச் சடோஷியாகக் கொடுக்கின்றன. ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒரு சடோஷி. ஆயிரம் சடோஷி என்று திரையில் பார்த்தால் பெரிதாகத் தெரியும். ஆனால் பிட்காயின் ஒரு லட்சம் டாலருக்கு விற்கும் நாளில்கூட அதன் மதிப்பு ஒரே ஒரு டாலர். தொகை சிறியது என்றாலும் இந்த வழி நேர்மையானது. உங்கள் கண் விளம்பரத்தைப் பார்க்கிறது, விளம்பரம் கொடுத்தவர் காசு கட்டுகிறார்.

இரண்டாவது வழி, கேமுக்குள் நடக்கும் விற்பனை அல்லது போட்டிப் பரிசு. கார்டும், பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின்னும் விரும்பி வாங்கும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, அல்லது ஒரு ஸ்பான்சர் வைக்கும் தொகை, நன்றாக ஆடியவர்களுக்குப் போகிறது. சாதாரண இ-ஸ்போர்ட்ஸ் போட்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்றாவது வழியில்தான் கவனம் வேண்டும். கேமே டோக்கன் என்ற தன் சொந்தக் கிரிப்டோ நாணயத்தைப் புதிதாக உருவாக்கி ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும். அதை யாராவது வாங்கினால்தான் அதற்கு விலை. ஏன் வாங்குவார்கள்? கேமுக்குள் அதைச் செலவழிக்க நல்ல காரணம் இருந்தால் சரி. ‘நாளைக்கு விலை ஏறும்’ என்பது மட்டுமே காரணம் என்றால், உங்களுக்குக் கிடைக்கும் காசு உங்களுக்குப் பின்னால் வருகிறவருடைய காசு.

ஆக்ஸி இன்ஃபினிட்டியின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் 2018-இல் தொடங்கிய கேம் இது. அன்று ஆடுவதற்கு ஆக்ஸி என்ற சண்டையிடும் பிராணிகள் மூன்றை வாங்க வேண்டியிருந்தது. 2021-இல் அதற்கே சில நூறு டாலர்கள் ஆனது. வாங்க முடியாதவர்களுக்கு உரிமையாளர்கள் தங்கள் ஆக்ஸிகளை இரவல் கொடுத்து, வருமானத்தில் பங்கு எடுத்துக்கொண்டார்கள். இரவல் வாங்கி ஆடியவர்களை ஸ்காலர் என்றார்கள். சண்டையில் ஜெயித்தால் எஸ்எல்பி என்ற டோக்கன் கிடைக்கும். அந்த டோக்கனுக்கு இருந்த முக்கியச் செலவு, புது ஆக்ஸிகளை இனப்பெருக்கம் செய்வது. புது ஆக்ஸி எதற்கு? புதிதாக வருகிறவர்களுக்கு விற்க. ஆட்கள் வரும்வரை சக்கரம் சுற்றியது. 2021 ஜூலையில் ஒரு எஸ்எல்பி 35 அமெரிக்க சென்ட்டைத் தாண்டியது. புதியவர்களின் வரத்து குறைந்ததும், தினமும் உருவான டோக்கன்களை வாங்க ஆள் இல்லை. 2022 தொடக்கத்தில் விலை ஏறக்குறைய ஒரு சென்ட்டுக்கு வந்துவிட்டது. அன்றும் ஆட்டக்காரர்கள் அதே திறமையோடுதான் ஆடினார்கள். சம்பளம் மட்டும் போய்விட்டது. அந்த வருமானத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் இருந்தார்கள் என்பதால் இதை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை.

ஆகவே ஒரு கேமைப் பார்த்ததும் அதன் திட்டத்தை விளக்கும் வெள்ளையறிக்கையையோ உதவிப் பக்கத்தையோ திறந்து இரண்டு விஷயம் தேடுங்கள். நாளொன்றுக்கு எத்தனை டோக்கன் புதிதாக வருகிறது? கேமுக்குள் எத்தனை டோக்கன் செலவாகி அழிகிறது? முதல் எண் மட்டும் இருந்து இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், அந்தப் பரிசை டாலரில் கணக்குப் போடவே வேண்டாம்.

திறமைக்குத்தான் கொடுக்கிறார்களா?

எல்லா கேமும் ‘திறமைக்குப் பரிசு’ என்றுதான் சொல்லும். ஒரு சோதனை இருக்கிறது. உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவர், உங்கள் அளவு நேரமே ஆடினால், உங்களைவிடத் தெளிவாக அதிகம் சம்பாதிப்பாரா? ஆம் என்றால் திறமை கேம். இரண்டு பேருக்கும் ஒரே தொகை என்றால் நேரத்துக்குக் கூலி. அதை மனிதரைவிட, தானாக ஆடும் மென்பொருளான போட் நன்றாகச் செய்யும்.

இது ஊகம் இல்லை. 2014-இல் வந்த ஹண்டர்காயின், வரைபடத்தில் நடந்து காசு பொறுக்கும் கேம். பிளாக்செயினில், அதாவது கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பேரேட்டில், ஓடிய ஆரம்பகால கேம்களில் ஒன்று. வெகு சீக்கிரத்தில் தானியங்கி போட்கள் களத்தை நிரப்பிவிட்டன, கையால் ஆடுகிறவருக்கு இடமில்லாமல் போனது. 2024-இல் டெலிகிராமில் பரவிய ‘தட்டினால் காயின்’ வகை கேம்களும் நேரக் கூலிதான். விரலால் தட்டுவதில் என்ன திறமை இருக்கிறது?

இன்னொரு வகை, திறமையும் குலுக்கலும் கலந்தது. நன்றாக ஆடினால் டிக்கெட் அதிகம் சேரும், ஆனால் பரிசு யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். பிட்காயின் பரிசு தரும் மொபைல் கேம்களில் இந்த முறை பரவலாக இருந்திருக்கிறது. பொழுதுபோக்காக ஆடலாம், திறமைக்கு நேரடி ஊதியம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

திறமைக்கு உண்மையாகவே இடமுள்ளவை பெரும்பாலும் கார்டு கேம், உத்தி கேம், ஷூட்டர் போன்றவை. ரேங்க் இருக்கும், உங்கள் தரத்துக்கு ஏற்ற எதிராளி வருவார், மேல் ரேங்கில் பரிசுப் பங்கு கூடும். காட்ஸ் அன்செயின்ட் என்ற கார்டு கேம் இதற்கு நல்ல உதாரணம். தொடக்க கார்டுகள் இலவசம். ஒரு குறிப்பிட்ட டோக்கன் தொகையை ஒதுக்கி, ஆட்டக்காரர்கள் சேர்த்த புள்ளிகளின் விகிதத்தில் பிரித்துக் கொடுக்கும் முறையை அது நடத்தியது. இப்படிப் பிரிக்கும் முறையில் ஒன்று கவனியுங்கள்: ஆடுகிறவர்கள் எண்ணிக்கை இரட்டித்தால் உங்கள் பங்கு பாதியாகும். போன மாதம் யாரோ காட்டிய ஸ்கிரீன்ஷாட் இந்த மாதத்துக்குப் பொருந்தாது.

இலவசம் எதுவரை இலவசம்?

ஆடுவது இலவசம், சம்பாதிப்பது கட்டணம் என்று சில கேம்கள் கோடு போட்டிருக்கும். 2018-இல் ஸ்டீம் மான்ஸ்டர்ஸ் என்று தொடங்கி, இப்போது ஹைவ் பிளாக்செயினில் ஓடும் ஸ்பிளிண்டர்லேண்ட்ஸில், யார் வேண்டுமானாலும் கணக்கு திறந்து ஆடிப் பார்க்கலாம். பரிசு பெறுவதற்கு 10 டாலர் அளவில் ஒரு ‘ஸ்பெல்புக்’ வாங்கும்படி வைத்திருந்தார்கள். இதில் ஒளிவுமறைவு இல்லை, தப்பும் இல்லை. போட் கணக்குகளைக் குறைக்க இதுவும் ஒரு வழி. ஆனால் கைக்காசு போட மாட்டேன் என்று முடிவெடுத்தவர், ஒரு மாதம் ஆடிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் வருத்தப்படுவார்.

அதனால் கணக்கு திறக்கும் முன்பே மூன்றைப் பாருங்கள். இலவசக் கணக்கில் கிடைத்த பரிசை வெளியே எடுக்க முடியுமா? என்எஃப்டி (பிளாக்செயினில் உரிமை பதிவான கார்டு போன்ற பொருள்) வைத்திருப்பவருக்குப் பரிசு எத்தனை மடங்கு கூடுகிறது? குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் எடுக்கலாம்? மூன்றாவது கேள்விதான் பலரைக் கவிழ்க்கிறது. உதாரணத்துக்கு, நாளைக்கு 2 டோக்கன் சேருகிறது, 1,000 சேர்ந்தால்தான் எடுக்கலாம் என்று வையுங்கள்: ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை டோக்கனும் இருக்க வேண்டும், கேமும் இருக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் நாட்டில் இதற்கு அனுமதி உண்டா என்பதையும் கேமின் விதிமுறைகளில் பாருங்கள். தென் கொரியாவில் டோக்கன் பரிசு தரும் கேம்களுக்கு வயதுத் தரச்சான்று மறுக்கப்படுகிறது. இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டு தடையுள்ள நாட்டிலிருந்து ஆடினால், எடுக்கப் போகும் நேரத்தில் அடையாளச் சரிபார்ப்பில் கணக்கு முடங்கிவிடும். 18 வயது நிரம்பாதவர்களுக்கும் இதே கதைதான்.

எங்கிருந்து இறக்குவது?

2021 அக்டோபரிலிருந்து ஸ்டீம் கடையில் கிரிப்டோ அல்லது என்எஃப்டி வழங்கும் கேம்களுக்கு இடமில்லை. எபிக் கடை அனுமதிக்கிறது. கூகுள் பிளே 2023-இல் விதி வகுத்தது: இப்படிப்பட்ட கேம்கள் இருக்கலாம், ஆனால் ஆடினால் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கவர்ச்சி காட்டக் கூடாது. ஆகவே பிளே ஸ்டோரில் ஒரு பிளாக்செயின் கேம் ‘மாதம் இவ்வளவு நிச்சயம்’ என்று எழுதியிருந்தால் அது கடையின் விதியையே மீறுகிறது. அந்த ஒரு காரணமே அதைத் தவிர்க்கப் போதும்.

கடைகளில் இடமில்லாததால் சில கேம்கள் தங்கள் தளத்திலிருந்தே இறக்கச் சொல்லும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காதீர்கள். போலித் தளங்கள் அங்கேதான் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும். முகவரியை ஒருமுறை சரிபார்த்து புக்மார்க் செய்துகொண்டு, எப்போதும் அதிலிருந்தே போங்கள். டிஸ்கார்டிலோ டெலிகிராமிலோ முன்பின் தெரியாதவர் வந்து ‘எங்கள் புது கேமைச் சோதித்துப் பாருங்கள், பணம் தருகிறோம்’ என்று ஒரு ஃபைலை அனுப்பினால் திறக்கவே வேண்டாம். உங்கள் கிரிப்டோவை வைத்திருக்கும் செயலியான வாலட்டைத் திருடும் மென்பொருளை அனுப்பும் வழக்கமான வழி அது.

வாலட்: இங்கே அவசரப்படாதீர்கள்

பல கேம்களை மின்னஞ்சல் கணக்கோடே ஆரம்பிக்கலாம். வாலட் பிறகு போதும். அப்படி வழி இருந்தால் முதலில் ஆடிப் பாருங்கள், பிடித்தால் வாலட் திறங்கள்.

எந்த வாலட் என்பதைக் கேம் எந்தப் பிளாக்செயினில் ஓடுகிறது என்பது தீர்மானிக்கும். எதீரியமும் அதை ஒட்டியவையும் என்றால் மெட்டாமாஸ்க், சோலானா என்றால் ஃபேன்டம், ரோனின் என்றால் ரோனின் வாலட், ஹைவ் என்றால் ஹைவ் கீசெயின். பிட்காயின் லைட்னிங் பரிசுக்கு லைட்னிங் வாலட் வேண்டும்.

மெட்டாமாஸ்க் மாதிரியான வாலட்டைத் திறக்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் காட்டப்படும். இதுதான் சீட் ஃபிரேஸ். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட இந்த வரிசை தெரிந்தவர் எவரோ, வாலட்டில் உள்ளது அவருடையது. கடவுச்சொல்லை மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. காகிதத்தில் எழுதி, வேறு வேறு இரண்டு இடங்களில் வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், மின்னஞ்சலில் சேமிக்காதீர்கள். எந்த கேமுக்கும், எந்த உதவி அதிகாரிக்கும், எந்த நியாயமான காரணத்துக்கும் இந்தச் சொற்கள் தேவைப்படாது. கேட்பவர் திருடர், விதிவிலக்கே கிடையாது.

கேமுக்கென்று தனி வாலட் வைத்துக்கொள்வதை நான் எல்லாருக்கும் சொல்வேன். ஏற்கெனவே உங்களிடம் வேறு கிரிப்டோ இருந்தால் இது கட்டாயம். காரணம், வாலட் காலியாவதற்கு சீட் ஃபிரேஸ் கசிய வேண்டியதில்லை. தளம் ஒன்று ‘கையொப்பமிடு’ என்று ஒரு பெட்டியைக் காட்டும், நீங்கள் பழக்கத்தில் சரி என்று அழுத்துவீர்கள். உங்கள் டோக்கன்களை எடுத்துக்கொள்ளும் அனுமதியாக அது இருக்கலாம். உள்நுழைவதற்கான கையொப்பம் வேறு, அனுமதி வேறு. பெட்டியில் ‘அப்ரூவ்’ அல்லது ‘செட் அப்ரூவல் ஃபார் ஆல்’ என்று இருந்தால் நிறுத்திப் படியுங்கள். பரிசு வாங்குவதற்கு உங்களிடம் உள்ளதை எடுக்கும் அனுமதி எதற்கு?

நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தாலும், கேம் ஓடும் பிளாக்செயினே உடையலாம். 2022 மார்ச்சில், ஆக்ஸியின் ரோனின் செயினை எதீரியத்தோடு இணைக்கும் பாலத்திலிருந்து 1,73,600 ஈதரும் (எதீரியத்தின் நாணயம்) 2.55 கோடி யுஎஸ்டிசியும் (ஒரு டாலர் மதிப்புள்ள டோக்கன்) திருடப்பட்டன. அன்றைய மதிப்பில் 60 கோடி டாலருக்கு மேல். பரிமாற்றத்துக்கு ஒப்புதல் தரும் ஒன்பது சரிபார்ப்புச் சாவிகளில் ஐந்து திருடர்கள் கைக்குப் போயிருந்தன. திருட்டு நடந்தது 23-ஆம் தேதி, வெளியே தெரிந்தது 29-ஆம் தேதி. வடகொரியாவின் லாசரஸ் குழுதான் காரணம் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. சம்பாதித்ததை கேமின் செயினிலேயே மாதக்கணக்கில் குவித்து வைக்காமல் அவ்வப்போது வெளியே எடுக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இப்போது ஆடலாம்

ஒரே ஒரு கேமை எடுங்கள். பரிசு இல்லாவிட்டாலும் ஆடுவேன் என்று தோன்றும் கேமாக அது இருக்கட்டும். நான்கு கேமில் அரைகுறையாக ஆடுகிறவர் நான்கிலும் கீழ் ரேங்கில் இருப்பார், கீழ் ரேங்கில் பரிசு கிட்டத்தட்ட இல்லை. திறமைக்குக் கொடுக்கும் கேம் என்றால் மேலே இருக்கும் சிலருக்குத்தான் பெரும்பங்கு போகும்.

முதல் சில வாரம் சம்பாதிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விதிகள், எந்த கார்டு எதை முறியடிக்கும், எந்த வரைபடத்தில் எங்கே நிற்கலாம் என்பதெல்லாம் கைக்குப் பழக வேண்டும். கார்டு கேம் என்றால் ஒரே ஒரு டெக்கை (கார்டுத் தொகுப்பு) எடுத்து அதையே ஆடுங்கள். தோற்கும் ஒவ்வொரு முறையும் டெக்கை மாற்றினால் தோல்விக்குக் காரணம் டெக்கா, நீங்களா என்று கடைசிவரை தெரியாது. இலவச கார்டுகளால் ஆகும் மலிவான டெக்குகளை மேல் ரேங்க் ஆட்டக்காரர்கள் வீடியோவில் விளக்குகிறார்கள், அவற்றில் தொடங்குங்கள். தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயைப் பாருங்கள். ஜெயித்ததைப் பார்ப்பது சுகம், தோற்றதைப் பார்ப்பதுதான் பாடம்.

சீசன் முறையுள்ள கேம்களில் ஒரு நுணுக்கம் உண்டு. சீசன் தொடங்கியதும் எல்லாருடைய ரேங்கும் கீழே இறக்கப்படும். அந்த முதல் நாட்களில், உங்களைவிடப் பல மடங்கு தேர்ந்தவர்கள் உங்கள் ரேங்கில் உங்களுக்கு எதிராக வந்து நிற்பார்கள். புதியவருக்கு அது மனசை உடைக்கும் நேரம். அவர்கள் மேலே ஏறிப் போகும்வரை பயிற்சி ஆட்டம் ஆடிவிட்டு, பிறகு ரேங்க் ஆட்டத்துக்கு வாருங்கள். தொடர்ந்து தோற்கிற அன்றைக்கு எழுந்துவிடுங்கள். விட்ட புள்ளியை இன்றைக்கே பிடித்தாக வேண்டும் என்று ஆடுவதில் இன்னும் கீழே போகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது கணக்கு, போட், நண்பனிடம் வேண்டுமென்றே தோற்கச் சொல்வது, இவற்றில் எதையும் செய்யாதீர்கள். பரிசு ஒரே தொகையிலிருந்து பிரிக்கப்படும் கேமில் அது மற்ற ஆட்டக்காரரின் பங்கைத் திருடுவது. பிடிபட்டால் எடுக்காத பரிசு முழுவதும் போகும்.

முதல் தொகையைச் சீக்கிரம் எடுங்கள்

குறைந்தபட்ச அளவு சேர்ந்த அன்றே, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். வழி வேலை செய்கிறதா என்பதை அறிய இதுதான் ஒரே வழி. கேம் திரையில் தெரியும் எண் காசு இல்லை. உங்கள் வாலட்டுக்கு வந்து, அதை எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) விற்கவும் முடிந்தால்தான் காசு.

‘விற்கவும் முடிந்தால்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 அக்டோபரில், ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் பெயரை ஒட்டி, வரப்போகும் கேமுக்கான டோக்கன் என்று ஒன்று வந்தது. விலை 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. உருவாக்கியவர்கள் 30 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு போனதும் விலை பூஜ்யத்தை ஒட்டி விழுந்தது. பரிசை எடுக்க முதலில் ஒரு ‘வரி’ கட்டு, ‘சரிபார்ப்புத் தொகை’ கட்டு என்று எந்த கேம் கேட்டாலும் இதே கூட்டம்தான்.

எடுக்கும்போது நெட்வொர்க்கைச் சரிபாருங்கள். ஒரே டோக்கன் இரண்டு மூன்று செயின்களில் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் ஏற்காத செயினில் அனுப்பினால் திரும்பக் கிடைப்பது கடினம். முகவரியை நகலெடுத்து ஒட்டிய பிறகு முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளைக் கண்ணால் ஒப்பிடுங்கள். சில எக்ஸ்சேஞ்சுகள் மெமோ எண்ணும் கேட்கும், ஹைவ் அப்படித்தான். அதை விட்டுவிட்டால் பணம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. செயினில் பரிமாற்றம் செய்ய ஆகும் கேஸ் கட்டணத்தையும் பாருங்கள். எதீரியத்தின் பிரதான செயினில் நெரிசல் நேரத்தில் கட்டணமே பரிசை விழுங்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் தேதி, டோக்கன் எண்ணிக்கை, அன்றைய விலை, பரிமாற்ற எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பல நாடுகளில் டோக்கன் கைக்கு வந்த நாளின் விலையே வருமானமாகக் கருதப்படுகிறது, விற்கும்போது வரும் லாபத்துக்கு வேறு கணக்கு. டோக்கனின் விலை பின்னால் விழுந்துவிட்டாலும் வரி, கைக்கு வந்த நாளின் விலைக்கு வரலாம். அதற்காகவாவது வரும்போதே ஒரு பகுதியை விற்றுவிடுவது நல்லது. ஆடிய மணி நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தொகையை நேரத்தால் வகுத்துப் பார்த்தால், இதை வேலையாக நினைக்கலாமா, பொழுதுபோக்காக மட்டுமா என்று உங்களுக்கே விளங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது பொழுதுபோக்கின் அளவில்தான் நிற்கும்.

எப்போது விலகுவது?

எடுக்கும் குறைந்தபட்ச அளவைத் திடீரென்று உயர்த்துவது, ‘பராமரிப்பு’ என்று எடுக்கும் வழியை நாள்கணக்கில் மூடுவது, இலவசப் பரிசைக் குறைத்துக்கொண்டே புது என்எஃப்டி விற்பனைகளை அறிவிப்பது, டிஸ்கார்டில் கேள்வி கேட்கிறவர்களை வெளியேற்றுவது: இவற்றில் இரண்டு சேர்ந்து நடந்தால் காத்திருக்காதீர்கள்.

கிளம்பும்போது, எடுக்க வேண்டிய பரிசையெல்லாம் முதலில் எடுங்கள். விற்கக்கூடிய கார்டோ ஸ்கின்னோ இருந்தால், சந்தையில் வாங்க ஆள் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். பிறகு வாலட்டில் அந்த கேமுக்குக் கொடுத்திருக்கும் அனுமதிகளை ரத்து செய்யுங்கள்; மெட்டாமாஸ்க் போன்றவற்றுக்கு ரிவோக் டாட் கேஷ் (revoke.cash) என்ற தளம் பயன்படும். தளத்தோடு உள்ள இணைப்பைத் துண்டிப்பது மட்டும் போதாது, துண்டித்தாலும் பழைய அனுமதி செயினில் அப்படியே இருக்கும். ரத்து செய்யச் சிறிது கேஸ் கட்டணம் ஆகும் என்பதால், விற்ற தொகையை முழுவதும் வெளியே அனுப்பும் முன் அதற்கான அளவை வாலட்டில் விட்டு வையுங்கள்.